இல்லிக்குடமும் முடத்தெங்கும்

கவனமின்மை குற்றமா, குறையா? தத்துவ நூலார் தம்முள் வாதிட்டு முடிக்க வேண்டிய வினா இதுவென்று தோன்றலாம். ஆயின், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் ஒவ்வொரு பாடவேளையிலும் இதற்கு விடை கூறிக்கொண்டே இருக்கிறார். நூலைப் பாராது கூரையைப் பார்க்கும் பிள்ளையைக் கடிந்துகொண்டால், அது குற்றம் என்று அவர் தீர்ப்பளித்துவிட்டார். அப்பிள்ளையைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டு மறந்துபோனால், அது தீராக் குறை என்று தீர்ப்பளித்துவிட்டார். இரண்டு தீர்ப்புகளும் விசாரணையின்றியே வழங்கப்படுகின்றன. அத்தகைய தீர்ப்பொன்றை நாமும் ஒருகால் வழங்கியதுண்டு. பொதுவாகப் பேசப் புகுமுன் அதனைச் சொல்லிவிடுவது முறையாகும்.

நாம் வத்தளையில் வாழ்பவர். களனி கங்கைக்கு அப்பால், கொழும்பு வடக்கிலுள்ள பாடசாலையொன்றில் தமிழ் கற்பிப்பவர். எம்மைப் போலவே நாள்தோறும் கங்கையைக் கடக்கும் பிள்ளைகள் பலர். ஹெந்தளையிலும் மாபோளையிலும் விடியுமுன்னரே பாடசாலை வான்கள் வீட்டு வாசல்களில் வந்து நிற்கின்றன. உறக்கம் கலையாத பிள்ளைகள் அவற்றில் ஏற்றப்படுகின்றனர். நீர்கொழும்பு வீதியின் நெரிசலில் ஊர்ந்து, பேலியகொடையைத் தாண்டி, கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் அவர்கள் இறக்கிவிடப்படும்போது பாடசாலை மணி இன்னும் அடித்திராது. பிள்ளைகளின் களைப்போ தொடங்கியிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஏழாந்தர வகுப்பில் கிரகித்தற் பாடம். பிள்ளைகள் தம் ஊரைப் பற்றி வாசிக்கட்டும் என்றெண்ணி, ஹமில்டன் கால்வாயைப் பற்றி நாமே ஒரு பந்தி எழுதிக் கொடுத்திருந்தோம். ஹெந்தளையிலிருந்து வரும் மாணவன் ஒருவனை எழுப்பி வாசிக்கச் சொன்னோம். ஓர் எழுத்தும் பிழையாது வாசித்தான். “கால்வாய் எதற்காக வெட்டப்பட்டது?” என்று கேட்டோம். அவன் கண் கூரையிற் சுழலும் மின்விசிறியில் இருந்தது. மறுபடியும் கேட்டோம். விழித்தான். சற்று முன் தன் வாயால் வாசித்ததை அவன் அறியவில்லை. நாள்தோறும் இதே கதைதான். அன்று எமக்குப் பொறுமை எல்லை மீறிற்று. “நீ ஓர் இல்லிக்குடம்” என்றோம். இல்லி என்றால் துளை. ஓட்டைக் குடம் என்பதை வகுப்பு விளங்கிக்கொண்டது, சிரித்தது. மறுநாள் முதல் அவனுக்குக் ‘குடம்’ என்பதே பெயராயிற்று.

சில வாரங்கள் கழிந்தன. ஒருநாள் வானைத் தவறவிட்ட அவன், நாம் ஏறிய பஸ்ஸிலேயே வீடு திரும்பினான். எமக்கு அருகில் அமர்ந்தான். கால்வாய்ப் பாலத்தை அண்மித்ததும் அவன் வாய் திறந்தது. மழைக்காலத்தில் நீர் எப்பக்கம் ஏறும், எவ்விடத்தில் சல்வீனியா மண்டும், தன் பாட்டனார் இளமையில் எங்கே தூண்டில் போடுவார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். பின்னர் திடீரென, “கடல் இவ்வளவு பக்கத்தில இருக்குதானே சேர், பிறகு ஏன் இவ்வளவு நீளத்துக்கு வெட்டினாங்க? எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணியும் சில நேரம் உப்புக் கரிக்கும்” என்றான். நாம் திடுக்கிட்டோம். வகுப்பில் நாம் கேட்ட வினா இதுவே. எம்முடைய வினாவை அவன் தன்னுடைய வினாவாகக் கேட்டான். அதற்கு விடையாகும் உப்பையும் அவனே தொட்டுக் காட்டினான். குடத்தில் நீர் இருந்தது. அதனை மொள்ளும் வகையை நாம் அறியவில்லை.

‘இல்லிக்குடம்’ என்ற சொல் எமக்கு எங்கிருந்து வந்தது? பல்கலைக்கழகத்தில் நாம் பாடங்கேட்ட நன்னூலிலிருந்து வந்தது. 13ஆம் நூற்றாண்டளவில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்த இலக்கண நூலின் பாயிரம் மாணாக்கரை மூன்று தரமாக வகுக்கின்றது. அன்னமும் பசுவும் போல்வார் முதல் மாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி போல்வார் கடை. ஒரு செடியில் வயிறார மேயாமல் செடிக்குச் செடி தாவுவது ஆடு. உள்ளே வார்த்ததை ஒழுகவிடுவது குடம். இன்று வைத்தியர் கவனக்குறைபாடு என்று பெயரிட்டழைக்கும் நிலையின் வெளித்தோற்றத்தை இவ்விரண்டு உவமைகளும் எவ்வளவு கூர்மையாகக் காட்டுகின்றன! பண்டைய ஆசிரியர் பிள்ளைகளைக் கூர்ந்து நோக்கியே இருக்கின்றனர். ஆயினும் நோக்கியவற்றைத் தரவரிசையாக்கினர். தடுமாறும் உள்ளத்தினன், மந்தன், பிணியன் ஆகியோர் நூல் கேட்கத் தகுதியற்றவர் என்றும் அப்பாயிரமே விதிக்கின்றது. கல்வி சிலருக்கே உரியதாயிருந்த சமுதாயத்தில் எழுந்த விதி அது. அச்சமுதாயம் போயிற்று, அவ்விதி எம் நாவில் இன்னும் வாழ்கிறது.

இது தமிழ் மரபுக்கு மட்டும் உரிய பழியன்று. 1902ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஸ்டில் என்னும் சிறுவர் வைத்தியர், இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் நிகழ்த்திய விரிவுரைகளில் 43 பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அறிவிற் குறைவில்லாத பிள்ளைகளுட் பலர் நிலைத்த கவனமும் தன்னடக்கமும் இன்றி இருப்பதை அவர் கண்டார். இந்நிலையின் மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவ்விரிவுரைகளிலிருந்தே தொடங்குவர். ஆனால், அவர் அதற்கு இட்ட பெயர் யாது? ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறைபாடு என்பதாகும். வைத்தியரின் கண் உடலை நோக்கியது. அவர் நாவோ ஒழுக்கத்தையே பேசிற்று. அச்சொல்லை மருத்துவம் கைவிடுவதற்குப் பல பதின் ஆண்டுகள் சென்றன. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கைந்நூலிலேதான் ‘கவனக்குறைபாடு’ என்ற சொல் நோயின் பெயராக இடம்பெற்றது.

இன்றைய அறிவு என்ன கூறுகின்றது? உலகெங்கும் நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், பிள்ளைகளுள் நூற்றுக்கு ஐவர் அளவில் இந்நிலை உள்ளதென்பர். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர் என்பது கணக்கு. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், இந்நிலையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டின் பெரும்பங்கு மரபுவழிப்பட்டது எனக் காட்டியுள்ளன. செல்லங்கொடுத்ததனால் வந்ததுமன்று; அடிக்காமல் விட்டதனால் வந்ததுமன்று. எல்லாப் பிள்ளைகளும் துள்ளித் திரிவதுமில்லை. சாளரத்தருகே அமைதியாக இருந்து, எவருக்கும் தொல்லை கொடாது, எதனையும் கேளாது போகும் பெண்பிள்ளையும் இவர்களுள் ஒருத்தியாக இருத்தல் கூடும். தொல்லை கொடுப்பவன் தண்டனையாவது பெறுகிறான். அவளை எவரும் காண்பதேயில்லை.

“விளையாட்டில் மட்டும் கவனம் இருக்கிறதே! கைத்தொலைபேசியை மணிக்கணக்காகப் பார்க்கிறானே! படிப்பென்றால் மட்டும் ஏன் இல்லை?” பெற்றோரும் ஆசிரியரும் ஒருமுகமாகக் கூறும் குற்றச்சாட்டு இது. மனம் வைத்தால் முடியும், மனம் வைக்கிறானில்லை என்பதே இதன் உட்பொருள். இவ்வாதம் வலிமையுடையது போலத் தோன்றும், ஆனால் பிழையானது. இப்பிள்ளைகளிடம் கவனம் என்னும் பொருளே இல்லையென்று எவரும் கூறவில்லை. அதனை வேண்டியபோது வேண்டிய இடத்தில் நிறுத்தும் ஆற்றலே குன்றியுள்ளது. கணந்தோறும் புதிது புதிதாக மாறிப் பரிசளிக்கும் திரை, கவனத்தைத் தானே இழுத்துப் பிடிக்கிறது. அங்கே பிள்ளை எதனையும் செலுத்த வேண்டியதில்லை. பாடநூலின் பக்கமோ அசையாது. பிள்ளைதான் தன் கவனத்தை அதன்மேற் செலுத்திக்கொண்டிருக்க வேண்டும். நீரோட்டத்தோடு மிதந்து வருபவனைக் கண்டு, எதிர்நீச்சலும் இவனுக்கு எளிதென்று முடிவுகட்டுதல் அறிவுடைமை ஆகாது.

இனி, வாசிப்புக்கு வருவோம். எழுத்தை ஒலியாக்குதல் வேறு. ஒலித்ததைப் பொருளாக்குதல் வேறு. தமிழில் முன்னையது ஒப்பளவில் எளிது. 247 எழுத்துகளையும் ஒருமுறை பழகிவிட்டாற் பிள்ளை எந்தப் பக்கத்தையும் ஒலித்துவிடுவான். இந்த எளிமையே எம்மை ஏமாற்றுகின்றது. சரளமாக ஒலிப்பவனை வாசிக்கத் தெரிந்தவன் என்று கருதிவிடுகிறோம். பொருள் கொள்ளுதற்கோ முன் வந்த சொற்களைப் பின் வருவன வருமளவும் மனத்திற் பிடித்திருத்தல் வேண்டும். இவ்வாறு பிடித்திருக்கும் ஆற்றல் கவனக்குறைபாடுள்ள பிள்ளைகள் பலரிடத்திற் குன்றியிருப்பதை உளவியலார் கண்டுள்ளனர். எம் மொழியின் வாக்கிய அமைப்போ, அதே ஆற்றலைப் பெரிதும் வேண்டி நிற்பது.

நாம் அன்று எழுதிய பந்தியின் முதல் வாக்கியத்தை வாசகர் முன் வைக்கிறோம்: “முத்துராஜவெல வயல்களுட் புகுந்து பயிரை அழித்த உவர்நீரை வடித்து அகற்றும் நோக்குடன் 1802ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் தொடங்கப்பெற்று, இரண்டு ஆண்டுகளில் வெட்டி முடிக்கப்பெற்ற இக்கால்வாய், அக்கால அரசாங்க அதிகாரியான ஹமில்டனின் பெயரைத் தாங்கி, வத்தளையூடாக நீர்கொழும்பு நோக்கிச் செல்கிறது.” எழுதியபோது இதனை நல்ல தமிழ் என்றே எண்ணினோம். பின்னர் எண்ணிப் பார்த்தோம். எழுவாய் 18ஆவது சொல்லில் வருகின்றது. பயனிலை 28ஆவது சொல்லில் வருகின்றது. வயல், பயிர், உவர்நீர், ஆண்டு, ஆங்கிலேயர் ஆகிய அனைத்தையும், எதற்கென்றறியாது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் ஏந்திக்கொண்டே நிற்க வேண்டும். கையிற் பிடிக்க இயலாதவன் ஒவ்வொன்றாக நழுவவிடுகிறான். நழுவவிட்டவனை நாம் குடம் என்கிறோம்!

அடுத்த தவணையில் அதே பந்தியை வேறுவகையாகக் கையாண்டோம். வாசிக்குமுன் ஒரே ஒரு வினாவைக் கரும்பலகையில் எழுதினோம்: கடல் அருகிலிருக்கக் கால்வாய் ஏன்? அவ்வினா அப்பிள்ளை பஸ்ஸிற் கேட்டது என்பதையும் வகுப்புக்குச் சொன்னோம். வாக்கியத்தைப் பிரித்தோம். வயலுக்குள் உவர்நீர் புகுந்தது. பயிர் அழிந்தது. அந்நீரை வடிக்க வேண்டியிருந்தது. ஆகவே 1802இல் ஆங்கிலேயர் ஒரு கால்வாயை வெட்டத் தொடங்கினர். 1804இல் முடித்தனர். அது ஹமில்டன் கால்வாய். ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னும் நிறுத்தினோம். ‘ஆகவே’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் இடச் செய்தோம். அவ்வொரு சொல்லிலேதான் விடை இருந்தது. நீண்ட வாக்கியத்தில் அச்சொல் இல்லை. ‘நோக்குடன்’ என்ற சொல்லுக்குள் அது மறைந்து கிடந்தது.

இவ்விடத்தில் நின்றுவிட்டால் அது பெரும் அநீதியாகும். சிறு வாக்கியங்களை மட்டும் ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை, பத்திரிகையின் தலையங்கத்தையோ, தன் தந்தையின் தொழில் ஒப்பந்தத்தையோ, சட்ட அறிவித்தலையோ ஒருநாளும் வாசிக்கமாட்டான். ஆகவே பிரித்ததை மீண்டும் கட்டச் சொன்னோம். இரண்டு சிறு வாக்கியங்களை ஒன்றாக்கல். பின் மூன்றை ஒன்றாக்கல். முடிவில் நாம் எழுதிய நெடிய வாக்கியத்துக்கே திரும்பல். அவ்வாறு திரும்பியபோது அது அவனுக்கு அந்நிய வாக்கியமன்று. தன் கையாற் கட்டிய வீடு. எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று பென்சிலாற் கோடிடுவதும் இலக்கணப் பரீட்சைக்குரிய வெறும் சடங்காக இல்லாமற் போயிற்று.

வேறு சிலவும் பயன் தந்தன. ஒரு பந்தியைப் படித்ததும், எழுதுமுன், வீட்டுத் தமிழில் அதனைத் தோழனுக்குச் சொல்லவேண்டும் என்று விதித்தோம். வத்தளைப் பிள்ளை வீட்டில் ஒரு தமிழையும், வீதியிற் சிங்களத்தையும், மாலை வகுப்பில் ஆங்கிலத்தையும் பேசிவிட்டு, பாடநூலில் எவரும் பேசாத தமிழைச் சந்திக்கிறான். அந்த இடைவெளியைப் பேச்சே இணைக்க வல்லது. வினாக்களை ஐந்தாக ஒருங்கே கொடாது ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். படிக்கும் வரி தவிர ஏனையவற்றை ஓர் அட்டையால் மறைத்துக்கொள்ள விட்டோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கரும்பலகையைத் துடைக்கவும் கொப்பிகளைச் சேர்க்கவும் அவனை அனுப்பினோம். எழுந்து நடத்தல் அவனுக்குத் தண்டனையாக அன்றிப் பணியாக ஆயிற்று. இவற்றுள் எதற்கும் ஒரு சதமேனும் செலவில்லை.

1984ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பலின்சார், பிரவுண் என்னும் இரு பெண் ஆய்வாளர் வெளியிட்ட முறையொன்றும் எமக்குக் கைகொடுத்தது. அவர்கள் எடுத்துக்கொண்டவர்களும் ஏழாந்தர மாணவரே. ஓசைபட வாசிக்க வல்லவர், பொருள் கொள்ள மாட்டாதவர். சிறு குழுவினர் ஒரு பகுதியை வாசித்தபின் சுருக்கிக் கூறல், வினா எழுப்பல், விளங்காததைத் தெளிதல், அடுத்து வருவதை ஊகித்தல் ஆகிய நான்கையும் முறைவைத்துச் செய்தல் வேண்டும். ஆசிரியரின் இடத்தைப் பிள்ளைகளே மாறி மாறி ஏற்றல் வேண்டும். கவனக்குறைபாடுள்ளவர்க்கென அது வகுக்கப்பட்டதன்று. எனினும் வாசிப்பைத் தனிமையான மௌனத்திலிருந்து மீட்டுக் கூட்டுச் செயலாக்கியதனால், அலைபாயும் மனத்துக்கு அது நல்ல பற்றுக்கோடாயிற்று. தன் முறை வருமென்று அறிந்தவன் காத்திருக்கிறான், காத்திருப்பவன் கேட்கிறான்.

பலன் அற்புதமாக இருந்தது என்று கூறினாற் பொய்யுரைத்தவராவோம். ஆண்டிறுதியில் அவன் ஐந்து வினாக்களில் மூன்றுக்கு விடையெழுதினான். முன்னர் ஒன்றுக்கும் எழுதாதவன். தண்ணீர்ப் போத்தலையும் கொப்பியையும் தொலைப்பது நிற்கவில்லை. ‘குடம்’ என்ற பெயரும் நீங்கவில்லை. அப்பெயரைச் சூட்ட எமக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. அழிக்க ஓராண்டு போதவில்லை.

ஆசிரியரால் ஆகாதனவும் உண்டு. பார்வைக் குறை, கேள்விக் குறை, இரத்தச் சோகை, உறக்கமின்மை, எழுத்தறிவதிலேயே உள்ள வேறுவகை இடர்ப்பாடு ஆகியனவும் கவனமின்மை போலத் தோன்றும். எது எதுவென்று தீர்மானிப்பது எமது தொழிலன்று. பொரளையிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும், வத்தளைக்கு அண்மையில் இராகமையிலுள்ள போதனா வைத்தியசாலைக்கும் பெற்றோரை வழிப்படுத்துவதே நாம் செய்யத்தக்கது. மருந்து தேவைப்படும் பிள்ளைக்கு மருந்து கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆயினும் மருந்து கவனத்தைத் தாங்கிப் பிடிக்கும், வாசிப்பைக் கற்பிக்காது. அப்பணி எம்முடையதாகவே எஞ்சி நிற்கும்.

இங்கேதான் சமுதாய நீதி பற்றிய கேள்வி எழுகின்றது. வசதி படைத்த வீட்டில் இந்நிலைக்கு நோய் என்று பெயர். வறிய வீட்டில் இதற்கே திமிர் என்று பெயர். அங்கே தனியார் வைத்தியர், பேச்சுப் பயிற்சியாளர், தனி ஆசிரியர், இங்கே பிரம்பு. பிரம்பைச் சட்டம் அனுமதிக்கவில்லை. கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் உடற்றண்டனையைத் தடுத்தது. 2021ஆம் ஆண்டில், ஆசிரியரின் அறையினாற் செவிப்புலன் கெட்ட ஒரு மாணவனின் வழக்கில், அவனது அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரம்பு மறைந்த வகுப்புகளிலும் ஏளனம் மறையவில்லை. அதனை எந்தச் சுற்றறிக்கையும் தடுப்பதற்கில்லை. தழும்பு தெரியாததால் வழக்கும் இல்லை.

தண்டனைக்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு கொடுமை உண்டு. அதற்கு இரக்கம் என்று பெயர். “பாவம், அவனால் முடியாது, விட்டுவிடுங்கள்” என்று கூறி, அவனை வாசிக்க எழுப்பாமலே ஆண்டுகளைக் கழிப்பது. தண்டிப்பவர் அவனால் முடியும் என்றாவது நம்புகிறார். இரங்குபவர் அந்த நம்பிக்கையையும் பறித்துவிடுகிறார். குற்றம் என்றாலும், தீராக் குறை என்றாலும், முடிவு ஒன்றே: பிள்ளைக்குப் பொருள் மறுக்கப்படுகிறது. எமது விடை இவ்விரண்டுமன்று. கவனமின்மை குற்றமன்று; குறைதான். ஆனால் அக்குறை பிள்ளைக்குள் மட்டும் கிடப்பதன்று. பாடத்துக்கும் அவனுக்கும் இடையிலுள்ள தூரத்திலும் அது கிடக்கிறது. அத்தூரத்தின் ஒரு பகுதியை அவனுடைய உடல் அமைத்தது. மறுபகுதியை எமது 28 சொல் வாக்கியங்கள் அமைத்தன. பின்னதை அகற்றும் கடமை எம்முடையது. படிகளை அமைத்துக் கொடுத்தபின் ஏறு என்று சொல்லும் உரிமையும் எமக்குண்டு. ஏறவேண்டிய பொறுப்பும் அவனுக்குண்டு.

“ஒருவனுக்காக ஏனைய முப்பத்தொன்பது பேரின் நேரத்தைச் செலவிடுவது நீதியா?” என்று சக ஆசிரியர் கேட்பர். நேர்மையான கேள்வி, புறக்கணிக்கத்தக்கதன்று. நாம் கண்ட அளவிற் கூறுகிறோம். வினாவை முன்வைத்து வாசித்தபோது பயனடைந்தவன் அவன் ஒருவனல்லன். பிழையின்றி ஒலித்துப் புள்ளி வாங்கிக்கொண்டிருந்த பலர், தாமும் பொருளறியாதே வாசித்துவந்ததை அன்றுதான் உணர்ந்தனர். அவர்களுடைய ஓட்டை எமக்குத் தெரியாதிருந்தது; அவ்வளவே. ஆயினும் நேரம் போதாது என்பது உண்மை. நாற்பது பேரை ஒருவரிடம் ஒப்புவித்து, பாடத்திட்டத்தை முடி என்று துரத்தும் அமைப்பு, ஆசிரியரின் கவனத்தையும் சிதறடிக்கிறது. அதனை மாற்றக் கோருவது தொழிற்சங்கக் கோரிக்கை மட்டுமன்று, அறக் கோரிக்கையுமாகும்.

நன்னூலுக்கு மீண்டும் வருவோம். கடைமாணாக்கருக்கு நான்கு உவமை கூறிய பவணந்தியார், ஆசிரியராகத் தகாதவர்க்கும் நான்கு உவமை கூறியுள்ளார். அவற்றை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. இட்ட முறை பிறழக் காய்களைக் கொட்டுவது கழற்குடம். எமது பந்தி அத்தகையதே. ஒருவர் நீர் வார்க்க, வளைந்து சென்று வேறொருவர் முற்றத்திற் காயை உதிர்ப்பது முடத்தெங்கு. மக்களின் வரிப்பணத்தில் வேதனம் பெற்று, தன் தெளிவான விளக்கத்தையெல்லாம் மாலை நேரக் கட்டண வகுப்புக்கென்று சேமித்து வைக்கும் ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை உண்டோ? வேதனம் போதாமையே பலரை அங்கே தள்ளுகின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், கட்டணம் செலுத்த இயலாத பிள்ளையின் தலையிற் காய் விழுவதில்லை என்பதும் கண்கூடு. கொள்பவனின் இயல்பை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளும் வகையிற் கொடுப்பதே கற்பித்தல் என்றும் அப்பாயிரம் கூறுகின்றது. தரவரிசையை மனனம் செய்த நாம், இவ்விதியை மட்டும் மறந்துபோனோம்.

கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாடசாலைக் கதவு வறியவருக்கும் திறந்தது. ஐந்து வயது முதற் பதினாறு வயதுவரை பிள்ளை பாடசாலைக்குச் செல்லுதல் இன்று கட்டாயம். வந்தே தீரவேண்டும் என்று சட்டம் கூறுகின்றது. வந்த பிள்ளைக்கு விளங்கியே தீரவேண்டும் என்று எச்சட்டமும் கூறவில்லை. கூறவும் இயலாது. சட்டம் நின்றுவிடும் அந்த இடத்திலிருந்தே ஆசிரியரின் அறம் தொடங்குகின்றது. வாசித்ததை விளங்கிக்கொள்ளாத பிள்ளை நாளை கையொப்பமிடும் பத்திரத்தை விளங்கிக்கொள்ளமாட்டான். வாக்குச்சீட்டின் பின்னே நிற்கும் வாக்குறுதிகளையும் விளங்கிக்கொள்ளமாட்டான். அவன் விளங்காதிருப்பதால் இலாபமடைவோர் எக்காலத்திலும் இருந்தே வருகின்றனர்.

பள்ளிக் கல்வியின் நோக்கமே கவனத்தை வளர்ப்பதுதான் என்று, 1942ஆம் ஆண்டளவில் எழுதிய ஒரு கட்டுரையிற் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் வாதிட்டார். அவரும் பாடசாலை ஆசிரியை. தொழிற்சாலையிற் கூலிவேலையும் செய்து பார்த்தவர். துன்புறும் அயலவனை உள்ளபடி நோக்குதற்கும் அதே கவனமே வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் நெடுக விளக்கிய இவ்வுறவை எம் மொழி ஒரு சொல்லிலேயே அடக்கி வைத்திருக்கின்றது. பாடத்தைக் கவனி என்கிறோம். நோயாளியைக் கவனி என்றும் சொல்கிறோம். உற்றுநோக்கலும் பேணலும் தமிழில் ஒரே வினை.

“எம்மைக் கவனி” என்று அப்பிள்ளையிடம் நாம் அதட்டிய நாள்கள் பல. அவனை நாம் கவனித்தது ஒருநாள். அதுவும் அவன் வானைத் தவறவிட்டதனால். பிள்ளைகளின் விளக்கம் அத்தகைய தற்செயலை நம்பியிருத்தல் தகாது. அதனை முறையாக்குவதும், பாடசாலைதோறும் அதற்கு வேண்டிய நேரத்தையும் ஆட்களையும் கேட்டுப் பெறுவதும், ஆசிரியராகிய எம் எல்லோருடைய கடனுமாகும்.